மஞ்சளை எடுக்காத படம்

ஒன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என் தங்கை. முதுகு வளைந்தவள் என்பதால் தெருவில் அவளுக்குப் பெயரே 'கூனி'. அவள் வென்றவற்றைச் சொல்கிறேன். துடைப்பத்தோடு நுழைந்த போட்டோ ஸ்டூடியோவில் நிறம் திருத்தும் நாற்காலி. அந்த அறையின் சாவி. அவளைக் கேட்காமல் முதலாளி எந்தப் படத்தையும் அச்சுக்கு அனுப்பாத மரியாதை. பிறகு, ஒரு பஸ் டிரைவரின் உயிர்.

திருத்த வேண்டிய படத்தோடு ஒரு சீட்டு வரும். முதலாளி அதில் ஓர் ஆங்கிலச் சொல் எழுதியிருப்பார். அதிகம் வந்தது 'சாலோ'. அவள் சொல்லின் உருவத்தை வைத்தே அடையாளம் காண்பாள். அர்த்தம் கேட்டதற்கு முதலாளி சொன்னாராம்: "சீக்காளி மாதிரி மங்கின மஞ்சள். மூஞ்சிக்குத்தான் சொல்லுவாங்க, பூவுக்கோ புடவைக்கோ இல்ல. நல்லா இருக்கிறவங்க நிறத்த அப்படிச் சொல்லிடாத, சண்டைக்கு வருவாங்க."

'சாலோ' வந்தால் மஞ்சளைக் குறைக்க வேண்டும். முகம் மஞ்சளாகத் தெரிந்தால் பழி எப்போதும் ஸ்டூடியோவின் டியூப் லைட்டுக்கு. முடித்ததும் திருத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும். இவள் ஒரு புள்ளி வைப்பாள். பெயர் எழுத நான் பழக்கியிருந்தும், "கோணலா வருதுக்கா" என்று போடவே மாட்டாள்.

அன்று அவள் மறந்த குடையைக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த பஸ் டிரைவர், லைசென்ஸுக்காகப் படம் எடுத்துக்கொண்டு வெளியே காத்திருந்தார். சீட்டில் 'சாலோ'.

"மஞ்சள எடுத்துட்டுக் குடும்மா, அவருக்கு டூட்டி இருக்காம்" என்றார் முதலாளி.

"எடுக்க மாட்டேன் சார். இது லைட்டு இல்ல. காலரைப் பாருங்க, வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கு. கண்ணு வெள்ளைதான் மஞ்சள்."

அதே படத்தை நானும் பார்த்தேன். எனக்கு ஒரு மீசைதான் தெரிந்தது.

"நீ என்ன டாக்டரா?"

"ஒன்பது வருஷமா மஞ்சள் எடுக்கிறேன் சார். இது எடுத்தா போற மஞ்சள் இல்ல."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என் மூஞ்சியப் பாத்து மெஷினு பயந்துடுச்சா?"

"அண்ணே, படத்த அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் சிரிப்பு அடங்கியது. "வீட்ல அவளும் ஒரு வாரமா இதத்தான் சொல்றா."

முதலாளிக்குக் கோபம். "வந்த கஸ்டமர சீக்காளின்னு அனுப்புற. அவருக்கு ஒண்ணும் இல்லன்னா யாரு பதில் சொல்றது? புள்ளி வந்து சொல்லுமா?"

தங்கை பேனாவை எடுத்தாள். சீட்டில் 'சாலோ' என்ற சொல்லுக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினாள். பிறகுதான் அந்த முகத்தைத் திருத்தாமலே அச்சுக்குப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "டாக்டர்கிட்ட இதையும் காட்டுங்கண்ணே."

டிரைவருக்குப் பித்தக்குழாயில் அடைப்பு. ஐந்து வாரம் படுத்து எழுந்தார். இன்னும் பத்து நாள் போயிருந்தால் ஆள் இல்லை என்றார்களாம்.

அந்தச் சீட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு எழுத்து, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. பக்கத்தில் முதலாளி கையால் தேதி: 2006 செப்டம்பர் 14, வியாழக்கிழமை.