செண்பகத்தின் பாக்கெட்டுகள்

போன வாரம் கீழமாசி வீதியில் ஒரு உரக்கடை. வாசலில், கொளுத்துகிற வெயிலில், நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மனசு கேட்கவில்லை.

"அண்ணே, அதுக்குள்ள உயிர் இருக்கு. நிழல்ல வைங்க."

கடைக்காரர் சிரித்தார். "உரந்தானே சார்? நல்லா காயட்டும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செண்பகம் ஞாபகம் வந்துவிட்டது.

செண்பகம் என் மனைவியோடு கல்லூரியில் படித்தவர். தாவரவியல் பட்டதாரி. சில வருஷங்களுக்கு முன், அவனியாபுரத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ரைசோபியம் தயாரிக்க ஆரம்பித்தார். உளுந்து, கடலைச் செடிகளின் வேரில் முடிச்சுப் போட்டு, காற்றிலிருக்கும் சத்தைப் பயிருக்குக் கொடுக்குமே... அந்த பாக்டீரியா. கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, சுத்தம் செய்த நிலக்கரிப் பொடியில் கலந்து, பாக்கெட் போடுவார். ஷெட்டுக்குள் குழந்தை தூங்குகிற வீடு மாதிரி நடந்துகொள்ளச் சொல்வார். கதவைப் படாரென்று சாத்தினால்கூட முறைப்பு!

முதல் வருஷம் பேரையூர்ப் பக்கம் மானாவாரி உளுந்துக்குக் கொடுத்தார். ஆறிய கஞ்சியில் பொடியைக் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அய்யாவு என்கிற விவசாயி ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சைக் கிள்ளிப் பார்த்தார். உள்ளே ரத்தச் சிவப்பு; பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். "யூரியா போடாமயே இம்புட்டுப் பச்சையா? அடுத்த வருசமும் கொண்டாங்க தாயி!"

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. பாக்கெட்டெல்லாம் பேரையூர்க் கடையில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்து வெந்தன. தாமதமாக மழை பெய்ததும் கடைக்காரர் ஏறக்குறைய அத்தனையையும் விற்றுவிட்டார். செண்பகம் போனபோது மிச்சமிருந்தது ஒரே பாக்கெட். அதை எடுத்துவந்து சோதித்தார். காத்திருந்து பார்த்தும் சோதனைத் தட்டில் எதுவும் வளரவில்லை. எல்லாம் செத்துப்போயிருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மழை சரியில்லை, மண் சரியில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

செண்பகம் பேரையூருக்கு பஸ் ஏறினார். துணைக்கு நானும் போனேன். நேராக அய்யாவு காடு, அதாவது அவருடைய மானாவாரி நிலம். உளுந்து முளைத்து, வெளிறிப்போய் நின்றது. செண்பகம் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் சின்னதாக ஒன்றிரண்டு முடிச்சுகள். கிள்ளினால் உள்ளே வெள்ளை.

"அண்ணே, இந்தத் தடவ நான் குடுத்தது செத்துப்போச்சு. பயிரு ஏமாந்திரும். இன்னும் நேரமிருக்கு... மேலுரமா கொஞ்சம் யூரியா போட்டுருங்க."

யூரியா போடச் சொன்னது யார்? யூரியாவே வேண்டாம் என்று அதே வரப்பில் நின்று பேசியவர்!

அய்யாவு கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. செண்பகத்தின் கையிலிருந்த செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்குன்னு சொல்லித்தான தாயி குடுத்தீக? செத்தா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

செண்பகம் அடுத்த காட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு காடாகப் போய் அதையே சொன்னார். யூரியா போட்டவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். அய்யாவுக்கும் விளைச்சல் மோசமில்லை.

ஆனால் செண்பகத்தின் வியாபாரம் தப்பிக்கவில்லை. அடுத்த பருவத்துக்குப் புதுப் பாக்கெட்டோடு போனார். யாரும் வாங்கவில்லை. "அந்தம்மாவே செத்துப்போச்சுன்னு சொல்லிருச்சுல்ல மாப்ள..." என்று டீக்கடையில் பேச்சு. தகரக் கூரைக் கடைக்காரரிடம் மட்டும் கூட்டம் குறையவே இல்லை. அவர்தான் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே!

ஷெட்டைக் காலி செய்தார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேவிட்டேன்: "பேசாம இருந்திருக்கலாமோன்னு தோணலையா?"

"சொன்னதுல வருத்தமில்லண்ணே. மழை தள்ளிப்போன அன்னைக்கே ஓடிப்போய்ப் பாக்கெட்டையெல்லாம் திரும்ப எடுத்திருக்கணும். அதான் உறுத்துது."

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் காடுகளில் மறுபடியும் மூட்டை மூட்டையாக யூரியா இறங்குகிறது. அவ்வளவு பேரில் ஒருவராவது, "உண்மையைச் சொன்ன பொம்பளை, இன்னொரு தடவை நம்புவோம்" என்று நினைத்திருக்கக் கூடாதா?

பொய்க்கு ஆயிரம் வாய்ப்புக் கொடுக்கிறோம்... உண்மைக்கு ஒரு பருவம்கூடக் கொடுப்பதில்லை!