தம்பி பேரில் இருந்த வண்டி

புதுக்கோட்டையில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லேப் பார்த்துக்கொள்கிறேன். கீரமங்கலத்திலிருந்து தினமும் பைக்கில்தான் போய்வந்தேன். என் சம்பளத்தில் வாங்கிய பைக். ஷோரூமில் கையெழுத்துப் போடும் நேரத்தில் அப்பா, "பொம்பளப்புள்ள பேர்ல எதுக்கு பைக்கு? தம்பி பேர்ல போட்டுரு" என்றார். யார் பேரில் இருந்தால் என்ன, ஓட்டப்போவது நான்தானே என்று விட்டுவிட்டேன். தம்பி அப்போதே குவைத் போகும் ஏற்பாட்டில் இருந்தான்.

அவன் போன பிறகு ஒரு கோடை விடுமுறையில் எஞ்சினைப் பிரித்தேன். ஆசை, வேறு காரணமில்லை. அறந்தாங்கி லேத்தில் சிலிண்டரைப் பெரிதாக்கி வாங்கி வந்தேன். பெரிய பிஸ்டன், வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் வேறு, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பெரியது. எல்லாம் கொல்லையில் உட்கார்ந்து நானே மாட்டியது. ஓடியது, ஆனால் பாதி வேகத்தில் திணறியது. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று டைனோ என்ற ரோலர் மெஷினில் ஏற்றி ஓடவிட்டு அளந்து, எஞ்சினின் கம்ப்யூட்டரில் திருத்தியாக வேண்டும். அந்த வசதி கோயம்புத்தூரில் இருந்தது. லீவில் வந்திருந்த தம்பி, "நானும் வாரேன்க்கா" என்றான். சந்தோஷமாக இருந்தது. வண்டியை லோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

பட்டறையில் முன் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து, பின் சக்கரத்தை ரோலர் மேல் நிறுத்தி, நான்கு பக்கமும் பெல்ட் கட்டினார்கள். எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தும் ட்யூனர் லேப்டாப்பைத் திறந்து தம்பியிடம் கேட்டார்.

"இன்ஜெக்டர் மாத்தியிருக்கீங்களா, ப்ரோ?"

"இல்ல, கம்பெனில வந்ததுதான்."

"மாத்தியிருக்குங்க. பெருசு போட்ருக்கேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமலே, "அக்கா அங்கிட்டு சேர்ல உக்காருங்க, சத்தம் ஜாஸ்தியா இருக்கும்" என்றார்.

முதல் ஓட்டத்திலேயே கரும்புகை கக்கி எஞ்சின் மூச்சுத் திணறியது. அவசரமாக அணைத்தார்.

"ப்ரோ, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. இன்ஜெக்டர்?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "ஆமா ப்ரோ, மாத்துனேன். மறந்துட்டேன்" என்றான்.

மாத்துனேன் என்றான். நான் அந்தச் சேரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்கு மேல் வேலை முடிந்தது. கடைசி ஓட்டத்தில் அந்த எஞ்சின் அடியிலிருந்து உச்சி வரை ஒரு இடறல் இல்லாமல் ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ட்யூனர் தம்பியின் தோளைத் தட்டி, "பக்காவா பில்டு பண்ணிருக்கீங்க" என்றார். தம்பி சிரித்துக்கொண்டே வண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். எடுத்தது நான்.

திரும்பும்போது வேனில் கேட்டேன். "அக்கா பண்ணுனதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடா?"

"அத்தன ஆம்பளைங்க நிக்கிறாங்க. எனக்கு எப்புடி இருக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

குவைத் கிளம்பும் முன்பு வண்டியை அறந்தாங்கியில் இருக்கும் அவன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டான். "இவ்வளவு வேகம் ஒனக்கு ஆபத்துக்கா" என்றான். அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வண்டி அவன் பேர்லதான இருக்கு" என்றார். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

கொஞ்ச மாதத்தில் எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆயில் பார்க்காமல் விரட்டியிருக்கிறான் அந்தக் கூட்டாளி. வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து எங்கள் வாசலில் இறக்கி, அப்பாவிடம், "பொம்பளப்புள்ள மாட்டுன எஞ்சினுன்னு இப்பத்தான் போன்ல சொல்றான். அப்பவே சொல்லிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேங்க" என்றான்.

அப்பா அவனுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் உள்ளே இருந்தேன். கொண்டுபோகவில்லை.