புஷ்பாவின் வெயிட்

போன சனிக்கிழமை சாயங்காலம். நானுஓயாவில் விடாத மழை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தேன் — போன் அடித்தது. புஷ்பா!

புஷ்பா என் பக்கத்து வீட்டுக்காரி. கல்யாணமான நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். இப்போது நுவரெலியாவில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் வேலை. வருகிறவர்களை வரவேற்பது, ரூம் காட்டுவது, படுக்கை விரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் வேலை இன்னும் தற்காலிகம்தான். வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முதலாளியம்மா வாய் திறக்கவில்லை. அவர் சிங்களவர், நல்லவர், ஆனால் சிரிக்கக் கணக்குப் பார்ப்பவர். அவரிடம் புஷ்பா சிங்களத்தில் சமாளித்துவிடுவாள். வெள்ளைக்காரர்கள் வந்தால்தான் சிக்கல். நான் இங்கிலீஷ் டீச்சர் அல்லவா... உடனே எனக்கு போன் வரும்.

"டீச்சர், லைட் ஸ்லீப்பர்னா லைட்ட போட்டுக்கிட்டு தூங்குறவங்கதானே?"

"யாரு சொன்னது அப்படி?"

"ஒரு வெள்ளக்கார அம்மா வந்திருக்காங்க. வயசானவங்க, தனியா வந்திருக்காங்க. 'ஐ ஆம் எ லைட் ஸ்லீப்பர்'னு சொன்னாங்க. பாவம், இருட்டுன்னா பயம் போலன்னு மேச லைட்டு ரெண்டு கொண்டுபோய் வச்சேன். அவங்க லைட்டப் பாக்குறாங்க, என்னையப் பாக்குறாங்க, மறுபடி லைட்டப் பாக்குறாங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன். இந்த 'லைட்' விளக்கு இல்லை, கனமில்லாதது. அந்த அம்மாவுக்குத் தூக்கம் லேசு. சின்னச் சத்தம் கேட்டாலும் முழித்துக்கொள்வார்.

"ஐயையோ டீச்சர்! ரோட்டுப் பக்கத்து ரூமையில்ல குடுத்திருக்கேன்! விடியறதுக்கு முந்தியே மரக்கறி லொறியெல்லாம் அந்த வழியாத்தானே போகும்!"

போன் கட்.

நினைத்துப் பார்த்தால் புஷ்பா மேல் என்ன தப்பு? எடை பற்றிய இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாமே இப்படித்தான். கொழுந்து நிறுத்த இடத்தில் சாக்கின் எடையைக் கழித்தால் மிச்சம் 'நெட்' — அது புஷ்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் தராசை விட்டு இறங்கியதும் இந்த வார்த்தைகள் ஆளே மாறிவிடுகின்றன. மழை பெய்தால் ஹெவி ரெய்ன். ரோட்டில் வாகனம் நிறைந்தால் ஹெவி ட்ராஃபிக். சிகரெட்டாக ஊதித் தள்ளுகிறவர் ஹெவி ஸ்மோக்கர் — ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாலும்!

நாம் மட்டும் குறைச்சலா? மனசு கனக்கிறது என்கிறோம். எந்தத் தராசில் நிறுத்தோம்? காசுக்காரரைப் பார்த்து 'வெயிட்டான பார்ட்டி' என்கிறோம். போதாததற்கு, காத்திருக்கச் சொல்வதும் நமக்கு 'வெயிட்'தான். உடம்பு எடையா, காத்திருப்பா என்று எதிரில் இருப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியது...

சரி, புஷ்பாவுக்கு வருகிறேன். அவள் நேராக மாடிக்கு ஓடியிருக்கிறாள்.

"மேடம், சாரி. ஐ திங்க் லேம்ப். யூ நோ லேம்ப். ஸ்மால் சவுண்ட், யூ வேக். கம், பேக் ரூம்!"

அந்த அம்மா ஒரு விநாடி முழித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். புஷ்பாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து ரூமுக்குக் கூட்டிப் போனாள். ஜன்னலைத் திறந்தால் கரட் கிழங்குப் பாத்தி. ஒரு சத்தம் கிடையாது. காற்றில் ஆடிய ஜன்னல் கதவு இடுக்கில் துணியை மடித்துச் செருகி, சுடுதண்ணிப் பையைப் போர்வைக்குள் வைத்து, குனிந்து வளைந்து எல்லாம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை மறுபடி போன். இந்த முறை அழுகை!

"டீச்சர், என் வேல போச்சு. போலீஸ் வரப்போவுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன புஷ்பா? நிதானமாச் சொல்லு."

"அந்த அம்மா கெளம்பி வேன்ல ஏறுறப்ப மொதலாளியம்மாகிட்ட என்னையக் கையக் காட்டிச் சொன்னாங்க. கோல்டுன்னாங்க டீச்சர். வெயிட்டுன்னாங்க. ஏதோ தங்கம் காணாமப் போயிருச்சு போல. மொதலாளியம்மா என்னையப் பாத்து 'பொட்டக் இன்ன'ன்னு சொல்லிட்டு வெரசா உள்ள போயிட்டாங்க."

பொட்டக் இன்ன என்றால் சிங்களத்தில் 'கொஞ்சம் இரு'. பார்த்தீர்களா... அங்கேயும் ஒரு வெயிட்!

"சத்தியமா நான் எதையும் தொடல டீச்சர். தலகாணி உறைய உதறிப் பாத்துட்டேன். பாத்ரூம்ல தேடிட்டேன். என் பேக்கக்கூட கொட்டி வச்சிருக்கேன், அவங்களே வந்து பாத்துக்கட்டும்."

அந்தக் குரல் என்னை உலுக்கிவிட்டது. அடுத்தவர் ரூமைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பயம். ஒரு மோதிரம் கட்டிலுக்கு அடியில் உருண்டாலும் முதலில் திரும்பும் கண்கள் அவர்கள் பக்கம்தானே?

"புஷ்பா, அழாத. அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லு. அர்த்தம் வேணாம், சத்தம் மட்டும் போதும்."

மூக்கை உறிஞ்சினாள். யோசித்தாள். "ஷீ இஸ்... வர்த்து... ஹெர் வெயிட்டு... இன் கோல்டு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், சிரிக்கிறீங்களே டீச்சர்!"

"அடி லூசு, எதுவும் காணாமப் போகல. ஒன்னைய புகழ்ந்துட்டுப் போயிருக்காங்க. ஒன் எடைக்கு எடை தங்கம் குடுக்கலாம், அவ்வளவு அருமையான ஆளுன்னு சொல்லியிருக்காங்க!"

"என் எடைக்கா?"

"ஆமா."

"நெசமாவா டீச்சர்? என்னையப் பாத்துட்டுமா சொன்னாங்க? கிளினிக்ல போன வாரந்தான் எழுபத்தொம்பது கிலோன்னு நர்ஸ் மிஸ் திட்டினாங்க!"

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா கூப்பிடும் குரல் எனக்கே போனில் கேட்டது. புஷ்பா போனைக் கட் பண்ணாமலே ஓடினாள். சிங்களத்தில் என்னவோ பேச்சு. பிறகு புஷ்பாவின் 'ஐயோ மேடம், ஐயோ மேடம்'. முதலாளியம்மா உள்ளே போனது போலீசுக்கு போன் பண்ண இல்லை. நிரந்தர வேலைக்காரர்கள் கட்டுகிற மெரூன் நிறச் சேலையை எடுத்துவர. அன்றிலிருந்தே கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

சாயங்காலம் அந்தச் சேலையோடேயே என் வீட்டுக்கு வந்தாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் வீட்டிலிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். அவள் புருஷன் சந்திரன் பக்ரியில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அரைக்கிற மெஷினில் வேலை செய்கிறவர். இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைக்கும்படி மனைவிக்கு தினமும் உபதேசம் செய்கிறவரும் அவர்தான். சுவர் மெல்லியது, புஷ்பா சொன்னது தெளிவாகக் கேட்டது:

"இந்தாங்க, இனி என்னைய மெலியச் சொல்லாதீங்க. கொறையிற ஒவ்வொரு கிலோவும் நமக்குத்தான் நட்டம்!"