அக்காவின் பெரிய துண்டு

என் வயிற்றில் இப்போது வேலை செய்கிற கல்லீரல் அக்காவுடையது. என்னுடையது கெட்டுப்போய்விட்டது, மாற்றாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று திருவனந்தபுரத்தில் டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "எனக்க பாதிய எடுங்க" என்றாள். ஊறுகாய் கேட்டால்கூட யோசித்துத் தருகிறவள் அவள். சின்ன வயதில் அவித்த ஏத்தன் வாழைப்பழத்தை இரண்டாக ஒடித்தால் பெரிய துண்டு எப்போதும் அவளுக்குத்தான். கேட்டால், "நான் மூத்தவ, கேட்டியா" என்பாள்.

பாதி என்றாள், எடுத்தது பாதிக்கும் மேல். மிச்சம் இருப்பது வளர்ந்துவிடும் என்றார் டாக்டர். கல்லீரல் செல்கள் சாதாரணமாகப் பிரியாமல் சும்மா இருக்குமாம். ஒரு பகுதியை வெட்டியெடுத்துவிட்டால் மிச்சமுள்ளவை விழித்துக்கொண்டு முதலில் பருக்கும், பிறகு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். உடம்புக்குப் போதுமான அளவு வந்ததும் தாமாக நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் போதும் என்று நிறுத்தத் தெரியாது.

அக்காவின் மாமியார் இதை நம்பவேயில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இரணியலில் அவர்கள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம், "வெட்டினது முளைக்கதுக்கு அதென்ன வாழையா மக்கா?" என்று கேட்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அதே பயம் எனக்கும் இருந்ததுதான் காரணம்.

போதாக்குறைக்கு அக்காவும் மாறியிருந்தாள். பழத்தை ஒடித்துப் பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். "தின்னுலே, சீக்காளி" என்றாள். தன் கல்லீரல் இனி வளராது என்று நினைத்துத்தான் இப்படி எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறாளோ என்று தோன்றியது.

மூன்றாம் மாதம் இருவருக்கும் ஸ்கேன். எனக்கு முதலில் முடிந்தது. நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார்கள். அது என் காதில் ஏறவில்லை. அக்கா உள்ளே போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர் அவளுடைய படத்தைத் திரையில் காட்டி, கிட்டத்தட்ட பழைய அளவு வந்துவிட்டது என்றபோது அழுதுவிட்டேன். அவளுக்கும், அவளுக்குள் ராப்பகலாகப் பிரிந்து வளர்ந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

"ஏலே, ஆளு பாக்காவ. கண்ணத் தொடை" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் ஏத்தம்பழம் அவித்தாள். மாமியாருக்கு ஒரு முழுப் பழம் போனது. மிஞ்சிய ஒன்றை எங்களுக்காக ஒடித்தாள். சமமாக ஒடியவில்லை. இரண்டு துண்டுகளையும் ஒருமுறை பார்த்தாள். பெரியதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு சின்னதை என்னிடம் நீட்டினாள்.

"என்னலே பாக்க? நான் மூத்தவ, கேட்டியா."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.