ஒரு மடக்குத் தண்ணீருக்காக ஜெபித்தேன்

சபையாருக்கு என் அன்பின் வணக்கம். நான் அருள்ராஜ். வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்கிறேன். போன வருடம் ஜூன் மாதம், மழை பிடித்த வாரம், பஸ் ஸ்டாண்டு கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். குடித்தது வாயோரமாகச் சட்டையில் வழிந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

"அண்ணே, ஒங்க வாய் ஒரு பக்கமாப் போகுது" என்றார் கடைக்காரர். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. வலது கையும் விழுந்துவிட்டது. கடையில் நின்றவர்களே ஜீப்பில் ஏற்றிக் கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பக்கவாதம். உயிர் தப்பியது. ஆனால் சரியாக விழுங்குகிறேனா என்று சோதிக்காமல் வாய்வழியாக ஒரு சொட்டும் தரக்கூடாது என்றார்கள் டாக்டர்கள். சோதிக்க வந்த தெரபிஸ்ட் தமிழும் பேசும் மலையாளப் பெண். என் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் தண்ணீர் தந்தார்.

"இறக்குங்க அங்கிள். இனி 'ஆ'ன்னு சொல்லுங்க."

சொன்னேன். தொண்டையில் தண்ணீர் தேங்கியதுபோல் குரல் கொழகொழவென்று வந்தது.

"இப்ப வேண்டாம்" என்றார். மூக்கில் குழாய் போட்டார்கள்.

வெளியே கொட்டும் மழை. என் நாக்கோ வறண்டு ஒட்டியது. மனைவி ஜெபாவிடம் இடது கையால் கெஞ்சினேன். "கேக்காதீங்க, என்னால முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவ்வளவு கல்நெஞ்சா என்று மனதுக்குள் ஏசினேன். 'ஆண்டவரே, ஒரு மடக்குத் தண்ணீர்.' அது ஒன்றுதான் என் ஜெபம்.

நான்காம் நாள் ஜெபா மருந்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் தண்ணீர் பாட்டில் என் கைக்கு எட்டியது. குடித்தேன். இருமவே இல்லை. கர்த்தர் கேட்டுவிட்டார் என்று அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் தெரபிஸ்ட் வந்து மறுபடி 'ஆ' சொல்லச் சொன்னார். அவர் முகம் மாறியது.

"தண்ணி குடிச்சீங்களா?"

"இரும... இல்ல" என்று குழறினேன்.

"அதான் அங்கிள் பயம். மூச்சுக்குழல்ல தண்ணி போறது உங்க தொண்டைக்கே தெரியல." சொல்லிவிட்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினார்.

மறுநாள் காய்ச்சல். நுரையீரலில் கிருமி. உடனே கண்டுபிடித்ததால் மருந்துக்குக் கேட்டது. ஜெபா என்னைத் திட்டவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, "நீங்க கேக்கும்போதெல்லாம் பாத்ரூம்ல போயி அழுதேன். குடுத்துரலாம்னு எத்தன வாட்டி தோணிச்சு தெரியுமா?" என்றாள்.

நான் வெட்கப்பட்டேன். கர்த்தர் மௌனமாக இருக்கவில்லை. அவள் வாயால் 'வேண்டாம் மகனே' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான்தான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து 'காத்திருக்க பெலன் தாரும்' என்று ஜெபித்தேன். நாக்குக்கும் தொண்டைக்கும் தினமும் பயிற்சி. ஜெபா எண்ணுவாள், நான் செய்வேன். நாலு வாரம் கழித்து மூக்குவழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். தந்த தண்ணீரை, பழக்கியபடி தாடையைத் தாழ்த்தி விழுங்கினேன். தெரபிஸ்ட் ஸ்கிரீனை ஜெபா பக்கம் திருப்பினார்.

"கண்டோ சேச்சி? பாத்தீங்களா, சரியான வழில போகுது."

ஜெபா சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அன்று குழாயை எடுத்தார்கள்.

வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. மெதுவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் வேலைக்குப் போகிறேன், ஜெபாவின் பேச்சைக் கேட்கிறேன். பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் ஊக்கமாக ஜெபியுங்கள். சோதித்துச் சொல்லும்வரை பாசத்தில் வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள். 'பொறு' என்று பதில் வந்தாலும் அவரை நம்புங்கள். அந்தப் பதில்தான் என்னைப் பிழைக்க வைத்தது.