மலையில் விட்டுவந்த சூடை

மாத்தளைப் பக்க மலையில் கூடாரம் போட்டு இரவு தங்கிய படங்களை எங்கள் தெருச் சுரேன் நேற்று முகநூலில் போட்டிருந்தார். பக்கத்தில் எங்கள் துறையடி நாய், சூடை. ‘என் உயிர் நண்பனோடு ஓர் இரவு’ என்று மேலே எழுதியிருந்தார். எல்லோரும் இதயம் போட்டோம்.

இன்று காலை துறையடிக்கு மீன் வாங்கப் போனால் சூடையைக் காணவில்லை. வள்ளத்திலிருந்து சூடை மீன் கொட்டும் சத்தத்துக்கே ஓடிவருகிறவன், அதனால்தான் அந்தப் பெயர்.

சுரேன் தேத்தண்ணிக் கடையில் இருந்தார்.

“நாய் எங்க?”

“அங்கயே விட்டிட்டு வந்திட்டம். மழையில நனைஞ்சு ஒரே நாத்தம். வான் வண்டிக்குள்ள ஏத்த ஏலாதெண்டு கூட வந்த பெடியள் சொல்லிட்டாங்கள்.”

“அப்ப ஏன் கொண்டு போனீங்கள்?”

“ராவில மிருகம் வந்தாக் குலைக்குமெண்டுதான். அது ஒருத்தற்ற நாயும் இல்லைத்தானே.”

சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். இரவு முழுக்கக் கூடாரத்துக்கு வெளியே காவல் இருந்தபோது நாறாத நாய், விடிந்ததும் நாறிவிட்டது.

இதயம் போட்டவர்களே, யாரிடம் வான் இருக்கிறது? நாளை விடியப் போய்ச் சூடையைத் தேடிக் கூட்டிவர வேண்டும்.

வழிகாட்டச் சுரேனையும் ஏற்றவேண்டியிருக்கிறது. நாத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.