வீடு முழுக்க ஒரே காற்று

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். கீழே அழகு நிலையம், மாடியில் குடித்தனம். வாடிக்கைக்காரியின் தலையில் சாயத்தைப் பூசிவிட்டு, அது ஊறுகிற நேரத்துக்குள் மாடிக்கு ஓடி அடுப்பைப் பார்த்து, துணியை உலர்த்தி, யாரையாவது அதட்டிவிட்டு மூச்சு வாங்காமல் இறங்கி வருவாள். முடி வெட்டும்போது நாற்காலியைத் திருப்ப மாட்டாள், அவளே சுற்றுவாள். அவளிடம் வெட்டிக்கொண்டு எழுந்தால் நமக்குத்தான் தலை சுற்றும்.

சின்ன வயதில் யாரோ ஒருவர் கடையில் தரையில் கிடக்கும் முடியைக் கூட்ட வந்தவள். கூட்டிக்கொண்டே கண்ணாடியில் கத்திரியின் போக்கைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொந்தக் கடை, சொந்த வீடு. கட்டும்போது கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய ஏசியாகப் போடச் சொன்னாள். கூரைக்குள் ஓடும் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று போகும். புதிதாக வருகிறவர்களிடம் அந்தச் சுவிட்சைக் காட்டாமல் விடமாட்டாள்.

மாடியில் அவளோடு இருந்தவர்கள் இரண்டு பேர். புருஷன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எது நடந்தாலும் "பார்த்துக்கலாம்" என்பார், பார்க்க மாட்டார். இன்னொருவர் மாமனார். அந்தக் காலத்தில் ஏலம் விடுகிறவராக இருந்தவர். கால் உடைந்த நாற்காலியைக்கூட, மூன்று காலில் நிற்கும் அதிசயம் என்று சொல்லி விற்றுவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகு விற்க ஒன்றும் இல்லாததால் வீட்டில் இருப்பவர்களையே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் கடைவரைக்கும் கேட்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத் தொடங்கியது. முதலில் இருமல், பிறகு இழுப்பு. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் நின்று மூச்சைத் தேடுவார். சொல்ல வந்தது போயே போய்விடும். அவர் பேசாத வீட்டில் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

"வீட்டுக் காத்துல ஏதோ ஒண்ணு ஒத்துக்கலை. தூசியா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம். முதல்ல காத்தைச் சுத்தமா வெச்சுக்குங்க" என்றார் மருத்துவர்.

அவ்வளவுதான். அந்தப் பேச்சு அவள் காதில் புகுந்த எறும்பு மாதிரி உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. திரைச்சீலைகளை அவிழ்த்தாள். விரிப்புகளைத் தூக்கிப் போட்டாள். தலையணைகளை மாற்றினாள், மாற்றியதையும் மாற்றினாள். சன்னல் வழியே தெருப்புழுதி வருகிறது என்று எல்லா சன்னல்களையும் இறுக்கி அடைத்தாள். கடைசியில், ஏசிக் குழாயிலேயே பொருத்தி வீடு முழுவதற்கும் காற்றைச் சுத்தம் செய்கிற கருவி ஒன்று உண்டு என்று யாரோ சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டாள். முடி வெட்டும்போது பேச்சு அதுதான். சாயம் பூசும்போதும் அதுதான். என் முன்நெற்றி முடியை ஒரே இடத்தில் இரண்டு தடவை வெட்டிவிட்டாள், அதுவும் அதனால்தான்.

விற்கிறவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் மின்சாரத் தகடுகள் வைத்த பெட்டியைக் காட்டினார். "போட்டுப் பாருங்க மேடம், இடி இடிச்சு மழை ஓய்ஞ்ச மாதிரி ஒரு வாசனை வரும்."

"மழை இல்லாம அந்த வாசனை எப்படிப்பா வரும்?" என்றார் மாமனார், இரண்டு மூச்சில்.

அது ஓசோன் வாயு என்றார் விற்க வந்தவர். பம்பரம் அங்கேயே மருத்துவருக்குப் போன் போட்டாள். நுரையீரல் சரியில்லாதவர் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்று பதில் வந்தது. அடுத்து வந்தவர் ஊதா விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். கிருமிகளைக் கொல்லுமாம்.

"செத்த கிருமியை யார் தூக்கிப் போடுறது?" என்று மாமனார் கேட்க, அவர் பெட்டியை மூடிவிட்டார்.

மூன்றாவதாக வந்த பொறியாளர் ஒரு பெண். பேசாமல் ஏணி போட்டு ஏறி, ஏசிக்குள் இருந்த விசிறியின் வேகத்தை அளந்தாள். மடிப்பு மடிப்பாக இருந்த தடித்த ஃபில்டர் ஒன்றைச் சிபாரிசு செய்தாள். "இதைவிட நெருக்கமானது போட்டா உங்க மெஷின் மூச்சு முட்டிப்போகும். இது தூசி, முடி, பூஞ்சை எல்லாத்தையும் பிடிக்கும். வாயு, ஆவி மாதிரி விஷயத்தைப் பிடிக்காது. அதையும் சொல்லிடறேன்."

"எங்க வீட்டுல தூசிதாங்க பிரச்சினை. எப்ப மாட்டுவீங்க?"

"நாளைக்கே மாட்டலாம். ஆனா விசிறியை நாள் முழுக்க ஓட விடணும். அப்பதான் காத்து திரும்பத் திரும்ப வடிகட்டும்."

மாட்டினார்கள். பம்பரம் தினமும் அதை வெளியே இழுத்துப் பார்த்தாள். மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் படிந்திருந்ததை வாடிக்கைக்காரிகளிடம் பெருமையாகக் காட்டினாள். "பார்த்தீங்களா, இவ்வளவும் மாமா நெஞ்சுக்குள்ள போயிருக்கும்!" ஆனால் மாமனாரின் இழுப்பு குறையவில்லை, கூடியது. இப்போது படுத்துத் தூங்கக்கூட முடியாமல் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அவள் பொறியாளரைப் போனில் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தாள். அந்தப் பெண் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கருவியில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனாள். "பார்த்துக்கலாம்" என்றார் புருஷன். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு தட்டில் விழுந்த சத்தம் கீழே கடைக்குக் கேட்டது.

அந்தச் சமயத்தில் அவள் தங்கை வீடு மாற்றினாள். சாமான் கட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். கடையைச் சில நாள் பூட்டிவிட்டுப் பம்பரம் போனாள். அங்கிருந்து போன் போட்டபோது மாமனார் எடுத்தார்.

"இதோ பாருங்க, என் மகன் கையால செஞ்ச குழம்பு! உப்பே கிடையாது, காரமே கிடையாது, யாருக்கும் எந்த ஆபத்தும் கிடையாது! யார் கேக்குறீங்க? யார் கேக்குறீங்க?"

ஒரே மூச்சில் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மெஷின் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுடி!" என்று தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்து கடையைத் திறந்த அன்றைக்கே ஒரு கல்யாணக் கூட்டம் காத்திருந்தது. மணப்பெண், அவள் அக்கா, தோழிகள், எல்லோருக்கும் முடியை நேராக்க வேண்டும். மருந்து பூசி, சூடான இடுக்கியால் இழுத்து இழுத்துச் செய்கிற வேலை. ஊரில் அதற்குப் பம்பரத்தை விட்டால் ஆள் இல்லை என்று பேர். நானும் அன்று என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். மணப்பெண்ணுக்குப் பாதித் தலை முடிந்திருந்தபோது, "அப்பாவுக்கு முடியலை, மேல வா" என்று புருஷன் படியில் நின்று கூப்பிட்டார். அவர் குரலில் பதற்றத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

அவள் பறந்தாள். மாமனார் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள், முதுகைத் தடவினாள். அப்போதுதான், கீழே பூசிவிட்டு வந்த மருந்தின் வாசனை அங்கேயும் அவள் மூக்கில் ஏறியது. காரமும் இனிப்பும் கலந்து கண்ணைக் கரிக்கிற வாசனை. வருஷக்கணக்கில் அதிலேயே நின்று மரத்துப்போன மூக்கு, சில நாள் வெளிக்காற்றில் இருந்துவிட்டு வந்ததால் விழித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

தடதடவென்று இறங்கி வந்தாள். கடைக்கதவை ஒட்டி, சுவரின் கீழ்ப்பகுதியில், ஏசி காற்றை உள்ளே இழுக்கிற கம்பி வலை இருந்தது. மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒன்றை அதன் அருகில் நீட்டினாள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வலையில் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். பம்பரம் தரையில் உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

உட்கார்ந்தது கொஞ்ச நேரம்தான். எழுந்து ஏசியை அணைத்தாள், எல்லாச் சன்னல்களையும் திறந்தாள். "எல்லாரும் நாற்காலியைத் தூக்குங்க, வாசலுக்கு!" என்றாள். பாதி நேராகவும் பாதி சுருளாகவும் இருந்த தலையோடு மணப்பெண் தெரு பார்க்க வாசலில் உட்கார்ந்தாள். மின்கம்பியை வெளியே இழுத்துக்கொண்டு வந்து அங்கேயே வேலையை முடித்தாள் பம்பரம். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மாடிக்குப் போய் மாமனார் எதிரில் நின்றாள். மூச்சு சற்றுச் சீராகியிருந்தது.

"மாமா, இத்தனை நாளா என் கடை மருந்துதான் உங்க அறைக்கு வந்துட்டு இருந்திருக்கு. உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அவர் சன்னலைப் பார்த்தார். "தெரியும்மா."

"தெரியுமா? அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?"

"சொன்னா நீ கடையை மூடிருவே. ஒண்ணுமில்லாம வந்து ஆளான பொண்ணு நீ. என் இருமலுக்காக அது போகணுமா?"

"உங்க இருமலுக்காக நான் ஊர்ல இருக்கிற மெஷினையெல்லாம் தேடிட்டு இருந்தேன் மாமா!" என்று கத்தினாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே அவர் போர்வையை மடித்தாள், தண்ணீர்ச் செம்பை இடம் மாற்றி வைத்தாள். "பெரிய தியாகி! இன்னொரு தடவை இப்படி மறைச்சீங்க, நானே உங்களை ஏலம் விட்டுடுவேன்."

"யாரும்மா கேப்பாங்க?" என்று அவர் சிரிக்க முயன்றார். புருஷன் கதவோரம் நின்றிருந்தார். அன்று அவர் "பார்த்துக்கலாம்" என்று சொல்லவில்லை. போய் அந்தப் பொறியாளருக்குப் போன் போட்டார்.

கடைக்குப் போகும் குழாயை அடைத்து, கீழே இருந்த வலையை மூடி, மாடிக்கு மட்டும் தனி வழி வைத்தார்கள். கடைச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வந்தது. தடித்த ஃபில்டரும் அதன் இடத்திலேயே இருக்கிறது, தூசிக்கு அது நல்லதுதான். முடியை நேராக்கும் வேலையைப் பம்பரம் அடியோடு விட்டுவிட்டாள். அதற்காகவே வந்துகொண்டிருந்தவர்கள் வேறு கடை தேடிப் போனார்கள். கடையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போது அவள் அவற்றையே துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள்.

மாமனாருக்கு முழுவதும் குணமாகிவிடவில்லை. வறண்ட காற்று வீசுகிற நாளில் இன்னும் இழுக்கிறது. ஆனால் படுத்துத் தூங்குகிறார். சாயமும் வாசனைத் தைலமும் கடையில் இருக்கத்தானே செய்கின்றன, சுவர் ஒன்றுதானே குறுக்கே, அது தாங்குமா என்று அவளுக்குச் சந்தேகம். இப்போது வெளியே வாடகைக்கு ஓர் இடம் தேடி அலைகிறாள். நேற்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் கதவைத் திறந்து சுவரின் வண்ணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள், அவள் அந்தக் காலி அறையின் நான்கு சுவர்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரிடம் கேட்டாள்:

"இந்தச் சுவருக்குப் பின்னாடி யார் குடியிருக்காங்க?"